சிறைக்குள் முதல்முறை போகிறவர்களுக்கு

கைதிகளைச் சந்தித்து ஜெபிக்கிற கிறிஸ்தவச் சிறை ஊழியத்துக்கு வர ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே போய் என்ன பேசுவது?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "அடுத்த மாதமும் வருவீர்களா?"

தென்மாவட்டத்தில் ஒரு மத்திய சிறைக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை எங்கள் குழு போய்வருகிறது. உள்ளே இருக்கிறவர்களுக்கு ஏமாற்றம் பழகிப்போன ஒன்று. வாய்தாவுக்கு வருகிறேன் என்ற வக்கீல் வரவில்லை. பெயிலுக்குப் பணம் புரட்டுகிறேன் என்ற மச்சான் போனை எடுப்பதில்லை. மனு போட்டுப் பார்க்க வந்துகொண்டிருந்த மனைவியும் நாலு மாதமாக வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வந்து, உருக்கமாகப் பிரசங்கித்துவிட்டு, அப்புறம் எட்டிப் பார்க்காத ஊழியக்காரரும் இந்தக் கணக்கில்தான் சேருவார். ஆறு மாதமாவது தவறாமல் வர முடியாது என்றால் இப்போது தொடங்க வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். கடுமையாகத் தோன்றலாம். உள்ளே காத்திருக்கிறவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.

யாரோடு போவது

தனியாகப் போகாதீர்கள். தனி ஆளுக்கு அனுமதி கிடைப்பது கடினம், கிடைத்தாலும் அது நல்லதில்லை. உங்கள் ஊர்த் திருச்சபையிலோ மறைமாவட்டத்திலோ ஏற்கெனவே போய்வருகிற குழு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கத்தோலிக்கர்கள் இதைச் சிறைப்பணி என்பார்கள். 1981-ல் கேரளத்தில் தொடங்கிய பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா இன்று நாடு முழுக்க வேலை செய்கிறது. சீர்திருத்தச் சபைகளின் பக்கம் பிரிசன் ஃபெலோஷிப் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் தொடங்கிய சார்லஸ் கோல்சன் அமெரிக்க அதிபர் நிக்சனிடம் வேலை பார்த்தவர். வாட்டர்கேட் விவகாரத்தை ஒட்டி 1974-ல் சிறைக்குப் போனார், ஏழு மாதம் கழித்து வெளியே வந்தார், 1976-ல் இந்த அமைப்பை உண்டாக்கினார். உள்ளே இருந்த ஒருவர் தொடங்கியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கற்ற பாதிப் பாடம் விடுதலையாகி வந்தவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

குழுவில் ஆறேழு பேர் போதும். ஒருவர் பாட வேண்டும், ஒருவர் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். கேட்பதற்குத்தான் அதிக ஆள் தேவை. பெண்கள் சிறைக்குப் பெண்கள் மட்டும் போவதே முறை.

அனுமதி

மனு சிறைக் கண்காணிப்பாளர் பெயருக்குப் போக வேண்டும். திருச்சபையின் லெட்டர்ஹெட்டில், ஆயர் கையெழுத்தோடு எழுதுங்கள். யார் யார் வருகிறார்கள், என்ன தொழில், எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன செய்யப்போகிறோம் என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கிவிடுங்கள். ஆதார் நகலும் புகைப்படமும் இணையுங்கள். காவல்துறை விசாரணை இருக்கும், அதைத் தப்பாக நினைக்காதீர்கள். பெரிய நிகழ்ச்சி என்றாலோ, மாதா மாதம் வர வேண்டும் என்றாலோ கோப்பு சென்னை எழும்பூரில் இருக்கிற தலைமையகம் வரைக்கும் போய்த் திரும்பலாம். கிறிஸ்துமஸுக்கு உள்ளே போக டிசம்பர் 10-ம் தேதி மனு கொடுத்தால் நடக்காது. அக்டோபரிலேயே கொடுத்துவிடுங்கள்.

சிபாரிசு பிடித்து உள்ளே போகாதீர்கள். ஒருமுறை போய்விடலாம், அந்த அதிகாரி மாற்றலாகிப் போனதும் கதவு அடைபட்டுவிடும். நல அலுவலர் என்று ஒருவர் இருப்பார், உங்கள் வேலை நடப்பது அவரோடுதான். முதல் சந்திப்பிலேயே அவரிடம், "எங்களால் உங்களுக்கு என்ன உதவி ஆகும்?" என்று கேளுங்கள். கண்ணாடி இல்லாத முதியவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், யாருமே பார்க்க வராதவர்கள் என்று ஒரு பட்டியல் அவர் மனதில் இருக்கும்.

உள்ளே இருப்பவர்கள் யார்

புதிதாக வருகிற பிரசங்கியார் பலரும் இதைத் தெரிந்துகொள்ளாமலே மைக்கைப் பிடித்துவிடுகிறார்கள். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது இன்னும் தீர்ப்பாகாதவர்கள். 4 பேரில் 3 பேர்! அவர்கள் முன்னால் நின்று "நீங்கள் செய்த பாவத்தினால்தான் இங்கே வந்திருக்கிறீர்கள்" என்று தொடங்கினால் என்ன ஆகும்? சிலர் செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருக்கிறார்கள். நீதிமன்றமே இன்னும் சொல்லாததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

விசாரணைக் கைதிகளின் மனம் நாள்காட்டியில் இருக்கும். அடுத்த வாய்தா, பெயில் மனு, ஜாமீன்தாரர். இன்று வந்தவர் அடுத்த முறை இருக்க மாட்டார். அதனால் அந்தக் கூட்டத்தில் தொடர் பாடம் வேண்டாம், ஒவ்வொரு முறையும் தொடங்கி முடிகிற ஒரே செய்தி போதும். தண்டனைக் கைதிகள் அப்படியில்லை. ஆயுள் கைதி ஒருவரோடு வருடக் கணக்கில் பழகப்போகிறீர்கள். அவருக்கு வேதபாடம் நடத்தலாம், படிக்கக் கற்றுக்கொடுக்கலாம், அவர் பாட்டு எழுதினால் கேட்கலாம். குண்டர் சட்டத்தில் வந்தவர்கள் தனி ரகம். 1982-ம் வருடத்துச் சட்டம் அது. ஒரு வருடம் வரை வைத்திருக்கலாம், வழக்கமான ஜாமீனும் கிடையாது, காவல் சரிதானா என்று பார்க்கிற அறிவுரைக் கழகத்தையோ உயர்நீதிமன்றத்தையோதான் நம்பியிருப்பார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். கோபம் அவர்களிடம்தான் அதிகம்.

பெண்கள் சிறையில் சின்னக் குழந்தைகளைப் பார்ப்பீர்கள். 6 வயது வரை தாயோடு இருக்கலாம். அங்கே போகிற சகோதரிகள் சொல்வது, முதல் நாள் அந்தக் குழந்தைகளைப் பார்த்து அழுதுவிடாமல் இருங்கள், தாய்மார்கள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வாசலில்

போன், பணம், சாவிக்கொத்து, மருந்து எல்லாவற்றையும் வெளியிலேயே வைத்துவிடுங்கள். சோதனை நடக்கும், சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்கள், வேதாகமத்தைப் புரட்டி உதறிப் பார்ப்பார்கள். முகம் சுளிக்காதீர்கள். உடையில் ஒரு விஷயம்: தண்டனைக் கைதிகளின் உடுப்பு வெள்ளை, வார்டர்களுடையது காக்கி. நம் ஊழியக்காரர்களுக்கு வெள்ளைச் சட்டைதான் பிடிக்கும், ஆனாலும் அன்றைக்கு வேறு நிறம் போடுங்கள். நகை வேண்டாம்.

இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். எதையும் உள்ளே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், எதையும் வெளியே வாங்கி வராதீர்கள். ஒரு கட்டு பீடியாக இருந்தாலும் சரி, நாலாக மடித்த துண்டுக் காகிதமாக இருந்தாலும் சரி. 1894-ம் வருடத்துச் சிறைச் சட்டத்தின் 42-வது பிரிவில் இது தண்டனைக்குரிய குற்றம். கேட்கிறவர் கெட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. "என் பிள்ளைக்குப் பிறந்தநாள், இந்த லெட்டரை மட்டும் போஸ்ட் பண்ணிடுங்கண்ணே" என்பார். மனம் இளகும். "தம்பி, நல அலுவலர் வழியாக அனுப்புவோம், நானே அவரிடம் பேசுகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி அன்றைக்கே பேசுங்கள். ஒரு கடிதத்தை ஒளித்து எடுத்து வந்தால் உங்கள் குழு மட்டும் நிற்காது, அந்தச் சிறைக்குள் போகிற எல்லாச் சபைகளும் நின்றுவிடும்.

கொடுக்க வேண்டியதை அலுவலகம் வழியாகக் கொடுக்கலாம்: புதிய ஏற்பாடு, பெரிய எழுத்து வேதாகமம், நோட்டு, பேனா, சோப்பு, கண்ணாடி. எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் சோப்பு என்றால் அது ஊழியம் இல்லை, ஆள் பிடிப்பது.

அந்த ஒரு மணி நேரம்

பாட்டில் தொடங்குங்கள். பழைய கீர்த்தனைகள்தான் எடுபடும், ஏனென்றால் சின்ன வயதில் ஊர்க் கோயிலில் கேட்டது எங்கேயோ தங்கியிருக்கும். கிறிஸ்தவப் பெயரே இல்லாத ஒருவர், படித்த மிஷன் பள்ளியின் காலை ஜெபப் பாட்டை முழுசாகப் பாடியதைக் கேட்டிருக்கிறேன். டோலக்குக்கு அனுமதி வாங்கினால் போதும், வாசிக்க ஆள் உள்ளேயே இருப்பார். அவர்களையே பாடவிடுங்கள்.

பேச்சு 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சிலுவையில் தொங்கிய கள்ளனின் கதையை வருகிற எல்லோரும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நான் அதிகம் எடுப்பது ஆதியாகமம் 40-ம் அதிகாரம். யோசேப்பு செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருக்கிறான். கூட இருக்கிற இரண்டு பேரின் முகம் வாடியிருப்பதைக் கவனித்து, ஏன் என்று கேட்கிறான். விடுதலையாகிப் போகிற பானபாத்திரக்காரனிடம் தன்னை நினைத்துக்கொள்ளும்படி சொல்கிறான். அவன் மறந்துவிடுகிறான், இரண்டு வருடம் ஓடிப்போகிறது. "வெளியே போனவன் மறந்துட்டான்" என்று சொல்லும்போது அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் தலை தானாக ஆடும். அதற்கு மேல் விளக்கவுரை தேவைப்பட்டதில்லை.

பவுலின் கடிதங்களையும் அங்கே உட்கார்ந்து வாசித்தால்தான் சரியாகக் கேட்கிறது. இரண்டாம் தீமோத்தேயு கடைசி அதிகாரத்தில், விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார், புத்தகங்களைக் கேட்கிறார், குளிர்காலத்துக்கு முன்னால் வந்துவிடு என்கிறார். அது கைதியின் கடிதம் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்வையும் படிக்க ஏதாவதும் பார்க்க ஓர் ஆளும், இதைத்தான் அவர்களும் எழுதுகிறார்கள்.

இன்னொரு கதையும் சொல்வேன். அவர்கள் கையில் இருக்கிற புதிய ஏற்பாட்டை முதன்முதலில் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க். தரங்கம்பாடியில் 1708 அக்டோபரில் மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். அடுத்த மாதமே, அப்போது அந்த ஊரை ஆண்ட டேனிஷ்காரர்களின் தளபதியோடு ஏற்பட்ட மோதலில் அவரை அங்கிருந்த கோட்டையில் அடைத்துவிட்டார்கள். நாலு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து 1711-ல் மொழிபெயர்ப்பை முடித்தார், 1715-ல் அச்சாகி முடிந்தது. இதைச் சொன்ன நாளில் ஒருவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜெயில்ல இருந்த ஆளு செஞ்சதா இது?" என்று கேட்டார்.

கூட்டம் முடிந்ததும் புறப்படாதீர்கள், அப்போதுதான் வேலை தொடங்குகிறது. பக்கத்தில் உட்காருங்கள். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள். "என்ன கேஸ்?" என்று மட்டும் கேட்காதீர்கள். பெயரை மனதில் வைத்துக்கொண்டு வெளியே வந்ததும் நோட்டில் எழுதுங்கள், அடுத்த முறை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எண்ணையும் பிளாக்கையும் வைத்தே அடையாளம் சொல்லப்படுகிற இடத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர் முகத்திலேயே பார்ப்பீர்கள்.

அவராகவே வழக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். வக்கீலிடம் சொல்வதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, நம்மிடம் சொல்வதற்கு அது கிடையாது. வழக்கு விவரத்தை வக்கீலிடம் வைத்துக்கொள்ளட்டும், மனதில் இருப்பதை நம்மிடம் சொல்லட்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யார் பேச்சிலாவது தெரிந்தால் ஜெபித்துவிட்டு வந்துவிடாதீர்கள். அன்றைக்கே, வாசலைத் தாண்டுவதற்கு முன்னால், நல அலுவலரிடமோ உளவியலாளரிடமோ சொல்லுங்கள். இதை ரகசியமாக வைத்திருக்க யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

வாக்குக் கொடுப்பது பற்றி

என் முதல் வருடத்தில் ஒரு பெரியவர் வாசிக்கக் கண்ணாடி கேட்டார். ஊரில் தையல் வேலை பார்த்தவர். "அடுத்த தடவை கொண்டுவருகிறேன் ஐயா" என்றேன், மறந்துவிட்டேன். அடுத்த முறை போனபோது அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல வணக்கம் சொன்னார், வேதாகமத்தைக் கைக்கெட்டிய தூரம் தள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த வாரமே கண்ணாடியை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து நோட்டில் எழுதாமல் எதற்கும் சரி என்று சொல்வதில்லை.

பெயில் எடுத்துத் தருகிறேன், வக்கீல் வைத்துத் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்றெல்லாம் சொல்லக் கூடாது. வழி காட்டலாம். காவலில் இருக்கிற யாருக்கும் இலவசச் சட்ட உதவி உரிமை உண்டு. 1987-ம் வருடத்து சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அதைத் தருகிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு எழுத நல அலுவலர் உதவுவார். வெளியே இருக்கிற குடும்பத்தார் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். பெயில் கிடைத்தும் ஜாமீன் நிற்க ஆள் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் பெயரைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கவனத்துக்குக் கொண்டுபோவது, ஒரு மணி நேரப் பிரசங்கத்தைவிட நல்ல ஊழியம் என்பது என் எண்ணம்.

மற்ற மதத்தார்

இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து உட்காருவார்கள். பாட்டுக்காக வருவார்கள், செல்லைவிட்டு ஒரு மணி நேரம் வெளியே இருக்கலாம் என்று வருவார்கள், உண்மையாகவே கேட்கவும் வருவார்கள். எல்லோரையும் ஒரே மாதிரி வரவேற்க வேண்டும். அடுத்தவர் தெய்வத்தைப் பற்றித் தரக்குறைவாக ஒரு சொல்கூட வரக் கூடாது. கட்டடத்தைவிட்டு எழுந்து போக முடியாத ஆட்கள் முன்னால் நிற்கிறோம், அவர்களுடைய இக்கட்டை நமக்குச் சாதகமாக்கிக்கொள்வது தகாது. யாராவது ஞானஸ்நானம் கேட்டால் அவசரப்படாதீர்கள். ஆயரிடம் சொல்லுங்கள், அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்துங்கள், காத்திருங்கள். வெளியே வந்த பிறகு தன் வீட்டார் மத்தியில் நின்றுகொண்டு அவர் அதையே கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். எண்ணிக்கையைப் படத்தோடு சபைப் பத்திரிகையில் போடுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வார்டர்களையும் மறந்துவிடாதீர்கள். சாப்பிட்டீர்களா சார் என்று அவர்களிடமும் கேளுங்கள். பண்டிகை நாளில் அவர்களும் பிள்ளைகளை விட்டுவிட்டு அந்த மதிலுக்குள்தான் இருக்கிறார்கள்.

மதிலுக்கு வெளியே

ஒருவர் உள்ளே போனால் ஒரு வீடே தண்டனை அனுபவிக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் கேலி செய்கிறார்கள், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமாவில் மேரி கே பியர்ட் என்ற பெண், தானே சிறையில் இருந்து வந்தவர், 1982 கிறிஸ்துமஸில் கைதிகளின் பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ கொடுப்பதாகவே பரிசு போய்ச் சேர ஏற்பாடு செய்தார். ஏஞ்சல் ட்ரீ என்று அது பரவியது. அதில் எனக்குப் பிடித்தது, கொடுத்தவர் பெயர் பின்னால் போய், "அப்பா அனுப்பியது" என்று பிள்ளை நினைப்பது. நீங்கள் ஒரு நோட்டும் ஜியாமெட்ரி பாக்ஸும் கொண்டுபோனாலும் அப்படியே கொடுங்கள்.

வீட்டுக்குப் போக அந்தச் சிறைவாசியின் சம்மதமும், நல அலுவலருக்குத் தகவலும் வேண்டும். அக்கம்பக்கத்தில் விலாசம் கேட்கும்போது சிறை என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பணமாகக் கையில் கொடுப்பதைவிடப் பள்ளிக் கட்டணத்தை நேராகக் கட்டிவிடுவது நல்லது. பாதிக்கப்பட்டவரின் குடும்பமும் அதே ஊரில் இருக்கலாம். அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறோம் என்ற நினைப்போடு போங்கள்.

விடுதலையாகும் நாள் தெரிந்தால் வாசலுக்குப் போய்விடுங்கள். பல வருடம் கழித்து வருகிறவருக்குச் சாலையைக் கடக்கவே பயமாக இருக்கும். முதல் மூன்று நாள்தான் ஆபத்து. வீட்டில் சேர்ப்பார்களா, பழைய கூட்டாளி பைக்கோடு வந்து நிற்பானா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஒரு வேளைச் சாப்பாடு, ஊருக்குப் பஸ் டிக்கெட், பேச ஒரு போன், இவ்வளவும் கையில் இருக்கட்டும். அடுத்த வாரம் ஆதார், ரேஷன் கார்டு வேலையைத் தொடங்குங்கள். கார்டில் பெயரை எடுத்திருப்பார்கள். விடுதலை பெற்றவர்களுக்கு உதவும் அரசுச் சங்கம் ஒன்று இருக்கிறது, தொழில் தொடங்க அதை அணுகலாம், வழியை நன்னடத்தை அலுவலர் சொல்வார். உள்ளே இருந்தபோது சிறைத்துறையின் பெட்ரோல் பங்கிலோ பேக்கரியிலோ வேலை பார்த்திருந்தால் அந்தப் பழக்கம் வெளியே வேலை தேடவும் கைகொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கு வருவார். அதற்கு முன்னாலேயே ஆயரிடமும் இரண்டு மூன்று மூப்பர்களிடமும் பேசிவையுங்கள். சாட்சி சொல்ல முன்னால் அழைக்காதீர்கள், அவர் எங்கிருந்து வந்தார் என்பதை அவராகச் சொல்லட்டும், சொல்லாமலும் இருக்கட்டும். ஆராதனை தொடங்கக் கால் மணி நேரம் முன்பே வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போய், அவருக்கு ஒரு பக்கம் நீங்களும் மறுபக்கம் உங்கள் வீட்டாரும் உட்காருங்கள். பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். உள்ளே பாடிய பாட்டு ஒன்று அன்றைக்கு இருக்கும்படி பாடகர் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.